மூச்சை முதுகில் வை

சத்தியசீலனின் சாவுகள் பதினொன்றையும்
ஒரே கோப்பில் தைத்துக் கொடுத்தவன் நான்.
மூன்று நிமிடம் நாற்பது செக்கன்.
எக்ளின்ரன் வீதியில் என் நிலக்கீழ் அறை.
மேலே வீட்டுக்காரியின் சலவை இயந்திரம் குதிக்கக் குதிக்க
கீழே அவன் ஒவ்வொன்றாய்ச் செத்துக்கொண்டிருந்தான்:
கடைக் கல்லாவின் பின்னால்,
பெற்றோல் நிலையக் கழிப்பறையில்,
பாலைவனம் என்று பெயர்சூட்டப்பட்ட
ஹமில்ரன் மணல் கிடங்கில் இரண்டு தரம்.

"கல்லாச் சாவை முன்னுக்குப் போடும்,
அதிலேதான் முகம் தெரியுது" என்றான்.

சாகாத படங்களில் டாக்ஸி ஓட்டினான்.
ரொறன்ரோ நியூயோர்க்காய் வேஷம் கட்டும் இரவுகளில்
கூட்டித் துடைத்த நடைபாதையில்
லொறியில் வந்த குப்பையை அளந்து பரப்புவார்கள்.
"குப்பைக்கென்று ஒருத்தி சம்பளத்துக்கு நிற்கிறாள் மச்சான்,
ஒரு கடுதாசி பறந்தாலும் ஓடிப்போய்ப் பிடிக்கிறாள்."
எங்கே போகவேண்டும், சேர்?
ஒன்பது படத்துக்கும் அவனுக்கு அந்த ஒரே வசனம்.
ஒன்றில் அதையும் வெட்டிவிட்டார்கள்.
கண்ணாடியில் பாதிக் கண் மிஞ்சியது.
பெயர்ப்பட்டியலில் அவன் பெயரில் ஓர் எழுத்து
தவறாமல் தவறும்.
'இரண்டாம் சாரதி' மட்டும் பிழையின்றி வரும்.

எப்போது எழுதத் தொடங்கினான், தெரியாது.
துணை நடிகர் கூடாரத்தில்
பதினான்கு மணித்தியாலம் காத்துக் கிடக்கையில்
அழைப்புத் தாள்களின் பின்பக்கத்தில்
ஒரு டாக்ஸிக்காரன் பேச வாயெடுத்தான்.
பிறகு மூடவே இல்லை.
நூற்றுப் பன்னிரண்டு தாள்களை
அரிசிப் பையில் போட்டுக் கொண்டுவந்து
என் மேசையில் வைத்தான்.
முன்பக்கத்தில் பிறத்தியாரின் படங்கள்,
எத்தனை மணிக்கு எவர் சாகவேண்டும் என்ற விபரத்தோடு.

நான் முதலில் முன்பக்கத்தைத்தான் வாசித்தேன்.
இன்றுவரை அதை அவனிடம் சொல்லவில்லை.

காசு எப்படி வந்தது?
சீட்டைக் கழித்து எடுத்தான்,
காரை விற்றான், அதையே படத்துக்கு வாடகைக்கு எடுத்தான்.
மிச்சம் தவரஞ்சினியின் இரவு வேலை.
கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டாள்:
"இதிலையாவது நீங்கள் சாகக்கூடாது."

தை மாதம், மைனஸ் பத்தொன்பது.
ஸ்காபரோவில் ஒரு வாகனத் தரிப்பிடம்.
செத்துக் கிடக்கவேண்டிய பெடியனின் வயிறு
ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.
ஏழாம் தரமும்.
இயக்குநர் மேலங்கியைக் கழற்றிப்
பெடியனைப் போர்த்திவிட்டுத்
தான் போய் உப்புத் தூவிய தார்மேல் படுத்தார்.
"வயிற்றிலே எடுக்காதே தம்பி.
மூச்சை முதுகில் வை. நிலம் வாங்கிக்கொள்ளும்."

கமெராவை ஒருவரும் நிறுத்தியிருக்கவில்லை.

பங்குனியில் என் திரையில் அதைக் கண்டேன்.
பனி விழுந்த இமை துடிக்கவில்லை.
அப்படியொரு சாவை நான் ஒட்டியதில்லை,
வெட்டியதுமில்லை.
"இதைப் போடுவோம், முகம் பாதிதான், சமாளிக்கலாம்."
தலையாட்டினான், இல்லை என்று.
"பெடியன்ரையைப் போடும்."
"அவன் மூச்சு விடுறது தெரியுதே!"
"தெரியட்டும்."

மேலே இயந்திரம் சுழன்று ஓய்ந்தது.

அன்றிரவு பெயர்ப்பட்டியல்.
'பிணம்' என்று நான் அடித்ததை அழித்து
'சாரதியின் தம்பி' என்று போட்டான்.
பெடியனுக்குப் போன் எடுத்து
எழுத்தெழுத்தாய்க் கேட்டுச் சரிபார்த்தான்.
குப்பை பரப்பியவளுக்கும்
(எங்களுக்கும் ஒருத்தி இருந்தாள், அரைச் சம்பளத்துக்கு)
ஒரு தனி வரி.

மார்க்கம் மண்டபத்தில் அறுபத்தெட்டுப் பேர்.
முன் வரிசையில் தவரஞ்சினி,
வேலைச் சீருடையைக் கழற்ற நேரமில்லாமல்.
கடைசியில்
கறுப்பில் வெள்ளையாய் ஏறிவந்தது,
எழுத்து, இயக்கம்:
சத்தியசீன்.

அடித்தவன் நான்தான்.